ஒரு பக்க மூச்சு

நுரையீரலில் கத்தி வைக்க வேண்டுமானால் அது அசையாமல் கிடக்க வேண்டும். நோயாளி பிழைத்திருக்க வேண்டுமானால் அது அசைந்துகொண்டே இருக்க வேண்டும். நெஞ்சக அறுவையின்போது மயக்க மருத்துவர் முன் நிற்கும் சிக்கல் இதுதான். நுரையீரல்கள் இரண்டாக இருப்பதால் ஒரு வழி பிறக்கிறது: ஒன்றை மூச்சுவிட வைத்து மற்றொன்றைச் சுருங்க விடலாம். மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிகிற இடத்துக்குக் கீழே ஒரு கிளையை மட்டும் அடைத்துவிட்டால் போதும். சொல்வதற்கு ஒரு வரி. செய்து காட்ட மருத்துவ உலகுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. இன்றும் அது சறுக்குகிற இடங்கள் உண்டு.

மார்புக்கூட்டைத் திறப்பதே முதலில் அஞ்சத்தக்க காரியமாக இருந்தது. நெஞ்சுச் சுவருக்கும் நுரையீரலுக்கும் இடையில் வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம் நிலவுகிறது. நுரையீரலை விரித்துப் பிடித்திருப்பது அதுதான். சுவரைத் திறந்ததும் காற்று உள்ளே பாய்ந்து நுரையீரல் சுருண்டுவிடும். தானாக மூச்சுவிடும் நோயாளியின் இதயமும் பெரிய ரத்தக்குழாய்களும் ஒவ்வொரு மூச்சுக்கும் பக்கம் மாறி ஆடும். பிரெஸ்லௌ நகரில் ஃபெர்டினாண்ட் சாவர்ப்ருக் 1904இல் இதற்குக் கண்ட தீர்வு, ஓர் அறையையே கட்டியது. காற்றழுத்தம் குறைக்கப்பட்ட அந்த அறைக்குள் நோயாளியின் உடலும் அறுவை மருத்துவர்களும் இருப்பார்கள். கழுத்தைச் சுற்றி ரப்பர் பட்டை இறுக்கியிருக்கும். தலையும் மயக்கம் கொடுப்பவரும் அறைக்கு வெளியே. இயற்பியல் சரியானது, ஏற்பாடு அசாத்தியமானது. மூச்சுக்குழலுக்குள் ஒரு குழாயை விட்டு உள்ளிருந்து காற்றை ஊதினால் அறையே வேண்டாம் என்பதை நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் மெல்ட்சரும் ஆவரும் 1909இல் விலங்குகளில் காட்டினார்கள். அடுத்த ஆண்டே எல்ஸ்பர்க் அதை மனிதர்களுக்குக் கொண்டுவந்தார். மார்பைத் திறக்கும் அச்சம் மெல்லக் குறைந்தது. அதன் பிறகுதான் அடுத்த தொல்லை தெரியவந்தது: சீழ்.

1930களில் நெஞ்சக அறுவைக்கு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு இருந்தது புற்றுநோய் அன்று. காசநோய், சீழ்க்கட்டி, மூச்சுக்கிளைகள் நிரந்தரமாக விரிந்து சளியும் சீழும் தேங்கிநிற்கும் நோய் ஆகியவைதான் அவர்களை அறுவை மேசைக்கு அனுப்பின. அறுவைக்காகப் பக்கவாட்டில் படுக்கவைக்கும்போது நோயுற்ற நுரையீரல் மேலே வரும், நல்லது கீழே போகும். மேலே தேங்கியது புவியீர்ப்பின் வழியே கீழே இறங்கும். அறுவை மருத்துவர் கெட்ட பகுதியை வெட்டி எடுத்துக்கொண்டிருக்கையில் நல்ல நுரையீரல் அதன் சீழிலேயே மூழ்கிக்கொண்டிருக்கும். பெனிசிலின் கைக்கு வராத காலம் அது. பாஸ்டனில் ஓவர்ஹோல்ட்டும் லண்டனில் பாரி பிரவுனும் நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, சீழ் வாய் வழியே வெளியேற வழி செய்து அறுத்தார்கள். இந்த ஓவர்ஹோல்ட்டுடன் பணியாற்றிய ரீவ் பெட்ஸ்தான் 1940களின் இறுதியில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, இந்தியாவில் நெஞ்சக அறுவைக்கென ஒரு துறையைத் தொடங்கிவைத்தவர்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இன்று ஒரு நுரையீரலைச் சுருங்க வைப்பது பெரும்பாலும் அறுவை மருத்துவருக்கு இடம் கொடுக்கத்தான். ஆனால் இந்த உத்தி பிறந்தது நல்ல நுரையீரலைக் கெட்டதிடமிருந்து காக்க. இடம் கொடுப்பதில் சிறு கசிவு இருந்தால் எரிச்சலோடு போகும். காப்பதில் சிறு கசிவு இருந்தால் உயிர் போகும். இரண்டையும் ஒரே பெயரில் அழைத்து ஒரே அளவுகோலால் மதிப்பிடுவது தவறு என்பது என் எண்ணம்.

முதல் முயற்சி நேரடியானது. அமெரிக்காவின் மாடிசன் நகரில் கேலும் வாட்டர்ஸும் நீண்ட ரப்பர் குழாய் ஒன்றை மூச்சுக்குழலைத் தாண்டி நல்ல பக்கக் கிளைக்குள்ளேயே தள்ளி, அதன் காற்றுப்பையை ஊதி அடைத்தார்கள்; 1932இல் இதை எழுதி வெளியிட்டார்கள். நல்ல நுரையீரல் மட்டும் மூச்சு வாங்கும். மற்றது தனித்துவிடப்படும். அதிலிருந்து எதையும் உறிஞ்சி எடுக்க வழியில்லை என்பதுதான் குறை. லண்டனில் ஐவன் மகில் எதிர்த்திசையில் போனார். நோயுற்ற கிளைக்குள் பலூன் முனையுள்ள மெல்லிய குழாயை வைத்து அடைப்பதும், அந்தக் குழாயின் துளை வழியே சளியை உறிஞ்சுவதும் அவர் 1936இல் விவரித்த முறை. வைக்கும் இடத்தை அவர் வளையாத உலோக உள்நோக்கி வழியே கண்ணால் பார்த்தார். இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு இந்தத் துறை பார்ப்பதைக் கைவிட்டது.

பார்வையின் இடத்தைத் தொடுகை பிடித்தது. ஸ்டாக்ஹோமின் காது மூக்கு தொண்டை மருத்துவர் எரிக் கார்லென்ஸ் 1949இல் ஓர் இரட்டைக்குழல் டியூபை வெளியிட்டார். அறுவைக்காக அவர் அதைச் செய்யவில்லை. விழித்திருக்கும் நோயாளியின் இரண்டு நுரையீரல்களும் தனித்தனியே எவ்வளவு வேலை செய்கின்றன என்று அளக்கச் செய்தது அது. ஒரு குழல் இடக் கிளைக்குள் போகும்; மற்றது அதற்கு மேலே மூச்சுக்குழலிலேயே திறந்து வலப் பக்கத்துக்குக் காற்று தரும். மூச்சுக்குழல் பிரியும் கவட்டுக்குக் கரைனா என்று பெயர். டியூபின் பக்கத்தில் இருந்த சிறு கொக்கி அந்தக் கரைனாவில் போய் உட்கார்ந்துகொள்ளும். கண் தேவையில்லை, கொக்கி மாட்டியதைக் கை உணரும். மறு ஆண்டே, பின்னாளில் செயற்கை இதய வால்வால் புகழ்பெற்ற வைக்கிங் பியோர்க், கார்லென்ஸுடன் சேர்ந்து இதே டியூபை நுரையீரல் அறுவையில் பயன்படுத்தி எழுதினார். அவர்கள் கட்டுரை பேசியதும் நோய்க்கசிவு மறுபக்கம் பரவாமல் தடுப்பது பற்றித்தான்.

அதே ஸ்டாக்ஹோமில், 1946இல், உல்ஃப் ஃபான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் பூனைகளிடம் வேறொன்றைக் கண்டிருந்தார்கள். மூச்சுக்காற்றில் ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் சுருங்கின. உடலின் மற்ற பகுதிகளில் நடப்பதற்கு இது நேர் எதிர். தசைக்கு ஆக்சிஜன் குறைந்தால் அங்கே குழாய்கள் விரிந்து கூடுதல் ரத்தத்தை வரவழைக்கும். நுரையீரலோ காற்று வராத பகுதிக்கு ரத்தத்தை அனுப்பாமல் நிறுத்தப் பார்க்கிறது. காற்றில்லாத இடத்துக்குப் போகும் ரத்தம் வெறுங்கையோடு திரும்பும் என்பதால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கருவிலிருக்கும் குழந்தைக்கு இது இன்னும் முக்கியம். மூச்சுவிடாத நுரையீரலுக்கு ரத்தம் போவதில் பயனில்லை.

ஒரு நுரையீரலை நிறுத்திவைக்கும் மயக்க மருத்துவருக்குக் கிடைத்த பெரிய வரம் இந்தச் சுருக்கம். நிறுத்திய நுரையீரலுக்கும் இதயம் ரத்தம் அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறது. அது ஆக்சிஜன் ஏறாமலே திரும்பி நல்ல ரத்தத்தோடு கலக்கிறது. பக்கவாட்டில் படுக்கும்போது புவியீர்ப்பு ஏறக்குறைய 60 விழுக்காட்டு ரத்தத்தைக் கீழ் நுரையீரலுக்கு இழுத்துக்கொள்ளும். மிஞ்சிய 40ஐ இந்தச் சுருக்கம் பாதியாகக் குறைக்கும். சில நொடிகளிலேயே தொடங்கி அரை மணிக்குள் ஒரு நிலைக்கு வரும். ஆகவே நுரையீரலை நிறுத்திய உடனே ஆக்சிஜன் அளவு சரிந்து, பின் தானாக ஓரளவு ஏறுவது உண்டு. பழைய மயக்க வாயுக்கள் இந்தச் சுருக்கத்தை மழுங்கடித்தன. இன்றுள்ளவை வழக்கமான அளவில் பெரிதாகக் கெடுப்பதில்லை. கார்பன் டையாக்சைடு இங்கே அவ்வளவு தொல்லை தராது. காற்றோடும் ஒரு நுரையீரலே கூடுதலாக அதை வெளியேற்றிவிடும். ஆக்சிஜனில் அந்தச் சலுகை இல்லை. ஹீமோகுளோபின் நிறைந்தபின் அதே ரத்தத்தில் இன்னும் ஏற்ற இடமில்லை; ஒரு பக்கத்தின் குறையை மறுபக்கம் ஈடுகட்ட முடியாது.

1950 முதல் 1980 வரையான காலத்தில் ஒற்றை நுரையீரல் சுவாசத்தின்போது நான்கு அல்லது ஐந்து பேரில் ஒருவருக்கு ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்கு இறங்கியதாகக் கணக்குகள் சொல்கின்றன. இப்போது அது நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்கு வந்துவிட்டது. மருந்துகள் மேம்பட்டது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு: டியூப் எங்கே இருக்கிறது என்று மருத்துவர்கள் மறுபடி பார்க்கத் தொடங்கினார்கள்.

கார்லென்ஸின் கொக்கி குரல்வளையைக் கீறியது, சில சமயம் வழியிலேயே சிக்கியது. குழல்களும் குறுகலாக இருந்து மூச்சை நெருக்கின. மான்செஸ்டரின் ராபர்ட்ஷா 1962இல் கொக்கியை நீக்கி, குழல்களை அகலமாக்கி, சிவப்பு ரப்பரில் புதிய டியூபை வடித்தார். கை உணரும் அடையாளம் போனதும் காதுதான் மிஞ்சியது. ஒரு குழலைக் கவ்வியால் அடைத்து, ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்து எந்தப் பக்கம் ஓசை வருகிறது என்று கேட்பார்கள். பிறகு மாற்றி அடைத்துக் கேட்பார்கள். ஒரு தலைமுறை இப்படித்தான் கற்றது, நன்றாகவே செய்தது. 1980களில் ரப்பருக்குப் பதில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் டியூப்கள் வந்தன. கிளைக்குள் போகும் குழலும் அதன் காற்றுப்பையும் அவற்றில் நீல நிறம். அந்த நீலம் அழகுக்கானதன்று. உள்ளே போய்ப் பார்க்கும் கண்ணுக்காக வந்தது.

அந்தக் கண்ணைத் தந்தவர் ஜப்பானின் ஷிகெடோ இகேடா. 1960களின் பிற்பகுதியில் அவர் உருவாக்கிய வளையும் பிராங்கோஸ்கோப், இரட்டைக்குழல் டியூபுக்குள்ளேயே நுழைகிற அளவுக்குப் பின்னர் மெலிந்தது. பார்க்கத் தொடங்கியதும் காதின் பிழைகள் வெளிவந்தன. 1998இல் ஜெர்மனியிலிருந்து வெளியான 200 நோயாளிகளின் ஆய்வில், கண்ணால் பாராமல் செலுத்திக் காதால் சரியென்று ஒப்புக்கொண்ட டியூப்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இடம் தவறியிருந்தன. நோயாளியைப் பக்கவாட்டில் திருப்பியபின் சரியாக இருந்தவையும் நகர்ந்தன. தாடை மார்பை நோக்கிக் குனிந்தால் டியூபின் முனை உள்ளே போகும், நிமிர்ந்தால் வெளியே வரும். எனவே திருப்பிய பிறகு மறுபடி பார்ப்பது இன்று விதி.

சில மில்லிமீட்டர் நகர்வுக்கு ஏன் இவ்வளவு கவலை? மூச்சுக்கிளைகள் சமச்சீர் இல்லாதவை. இடப் பெருங்கிளை ஏறக்குறைய 5 செ.மீ. ஓடிய பிறகே மேல்மடலுக்குப் பிரிகிறது. வலப் பெருங்கிளை 2 செ.மீ. ஓடுவதற்குள் மேல்மடலுக்குத் திறந்துவிடும். சிலருக்கு அந்தத் திறப்பு கரைனாவுக்கு மேலே மூச்சுக்குழலிலேயே இருப்பதும் உண்டு. சான் டியேகோவின் பெனுமோஃப் 1987இல் இதை அளந்து காட்டினார். எந்த மடலையும் அடைக்காமல் இடப்பக்க டியூப் நகரக்கூடிய தூரம் சுமார் 16 முதல் 19 மி.மீ.; வலப்பக்க டியூபுக்கு 8 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு. இன்று எந்தப் பக்க அறுவையானாலும் முடிந்தவரை இடப்பக்க டியூபையே எடுப்பதன் காரணம் இந்த எண்களில் இருக்கிறது. இடப் பெருங்கிளையிலேயே கட்டி இருந்தாலோ, இட நுரையீரலை முழுதாக எடுத்தாலோதான் வலப்பக்க டியூபுக்கு வேலை.

கண் வந்துவிட்டது, ஆனால் கண் எதைப் பார்க்கிறது என்று தெரிந்திருக்க வேண்டுமே. அயோவாவின் ஹாவியர் கம்போஸ் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு, இந்தத் துறையில் நான் மிக முக்கியமாகக் கருதுவது. நெஞ்சக அறுவையில் அதிகப் பழக்கமில்லாத மயக்க மருத்துவர்களிடம் மூன்று வகைக் கருவிகளில் ஒன்றைக் கொடுத்தார்கள். பிராங்கோஸ்கோப்பும் கையில் இருந்தது. ஏறத்தாழ 38 விழுக்காட்டு முயற்சிகள் தவறின. எந்தக் கருவி என்பதால் பெரிய வேறுபாடு வரவில்லை. மூச்சுக்கிளைகளின் உட்புற அமைப்பு அவர்களுக்குப் பிடிபடாததே காரணம் என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். புதிய டியூப் வாங்கினால் சிக்கல் தீரும் என்று நம்பும் மருத்துவமனை நிர்வாகங்கள் படிக்க வேண்டிய கட்டுரை அது.

படிக்க வேண்டிய வரைபடம் அப்படியொன்றும் பெரிதல்ல. மூச்சுக்குழலின் முன்புறம் குருத்தெலும்பு வளையங்கள் தெரியும், பின்புறம் மெல்லிய சவ்வில் நெடுக்குக் கோடுகள் ஓடும். எது முன், எது பின் என்பது இதிலேயே புரிந்துவிடும். வலப் பெருங்கிளைக்குள் எட்டிப் பார்த்தால் மேல்மடலின் வாய்க்குள் மூன்று துளைகள் ஒரே இடத்தில் கூடியிருக்கும். மருத்துவர்கள் அதை மெர்சிடிஸ் முத்திரை என்பார்கள். பெரும்பாலோரிடம் மேல்மடல் வாயில் இப்படி மூன்றாகப் பிரிவது வலப் பக்கத்தில்தான். அது கண்ணில் பட்டால் நிற்பது வலப்புறம் என்று உறுதி. பிறகு மூச்சுக்குழல் துளை வழியே பார்க்கையில், கரைனாவுக்குச் சற்றுக் கீழே நீலக் காற்றுப்பையின் விளிம்பு இடக் கிளைக்குள் தெரிய வேண்டும். தெரியவே இல்லையென்றால் டியூப் ஆழமாகப் போயிருக்கிறது. கரைனா மேல் பிதுங்கி நின்றால் மேலே வந்திருக்கிறது. அந்தக் காற்றுப்பைக்கு ஒன்றிரண்டு மில்லிலிட்டர் காற்றே போதும். மூன்றுக்கு மேல் தேவைப்பட்டால் டியூபின் அளவோ இடமோ தவறு. அதற்கு மேலும் ஊதினால் கிளையே கிழியக்கூடும்.

காப்பது என்ற பழைய பொருளில் இந்த உத்தியின் உச்சம், என் பார்வையில், நுரையீரலைக் கழுவுவது. காற்றறைகளில் கொழுப்பும் புரதமும் கலந்த பால்போன்ற பொருள் சேர்ந்து மூச்சை அடைக்கும் அரிய நோய் ஒன்று 1958இல் விவரிக்கப்பட்டது. அதைக் கழுவி எடுக்கலாம் என்று 1960களில் அமெரிக்காவில் ரமிரெஸ் காட்டினார். இரட்டைக்குழல் டியூபைப் போட்டு, ஒரு நுரையீரல் மூச்சுவிட்டுக்கொண்டிருக்க, மற்றதற்குள் உடல் வெப்பத்துக்குச் சூடாக்கிய சலைனை ஒவ்வொரு லிட்டராக ஊற்றுவார்கள். மார்பைத் தட்டிவிட்டு வடியவிடுவார்கள். முதலில் வருவது கெட்டியான வெள்ளை; பத்து, பதினைந்து லிட்டர் போன பிறகு தெளியும், சிலருக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். நீலக் காற்றுப்பை கசிந்தால் மூச்சுவிடும் நுரையீரலுக்கும் வெள்ளம்தான். அதனால் ஊற்றும் முன்பே கழுவும் பக்கத்துக் குழலின் முனையை நீரில் மூழ்கவைத்து, மறுபக்கத்துக்கு அழுத்தம் கொடுத்துக் குமிழி வருகிறதா என்று சோதிப்பார்கள். உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒவ்வொரு முறையும் அளக்கப்படும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நுரையீரல் நீரால் நிரம்பியிருக்கும்போது ஆக்சிஜன் அளவு நன்றாக இருக்கும், நீரை வடித்ததும் இறங்கும். நிரம்பிய நீரின் அழுத்தம் அந்தப் பக்கத்து நுண்குழாய்களை நசுக்கி ரத்தத்தை நல்ல பக்கத்துக்குத் தள்ளுகிறது. வடிந்ததும் ரத்தம் திரும்பி வந்து காற்றில்லாத இடத்தில் வீணாகிறது.

கண்ணே எல்லாம் என்று சொல்லிவிடவும் முடியாது. காசநோய் அரித்த பழைய குழிகளும், அவற்றில் வளரும் பூஞ்சைப் பந்துகளும், விரிந்த மூச்சுக்கிளைகளும் நம் நாட்டில் இன்றும் ரத்த வாந்தியாக, சரியாகச் சொன்னால் ரத்த இருமலாக, அவசரப் பிரிவுக்கு வருகின்றன. இவர்கள் ரத்தம் இழந்து இறப்பதைவிட, ரத்தத்தில் மூச்சடைத்து இறப்பதே அதிகம்; மூச்சுவழிகளின் கொள்ளளவு மொத்தமே ஏறக்குறைய 150 மில்லிலிட்டர்தான். அங்கே பிராங்கோஸ்கோப்பின் திரை முழுவதும் சிவப்பாகிவிடும். ரத்தம் கசியும் பக்கத்தைக் கீழாகப் படுக்கவைப்பது முதல் வேலை. இடப்பக்கம் கசிகிறது என்று தெரிந்தால், சாதாரண ஒற்றைக்குழல் டியூபையே உள்ளே தள்ளுவார்கள். வலக் கிளை செங்குத்தாக இருப்பதால் டியூப் பெரும்பாலும் தானே அங்கே போய்ச் சேரும். வாட்டர்ஸின் 1932ஆம் ஆண்டு உத்தி, கருவி எதுவும் மாறாமல்.

மகிலின் பலூன் அடைப்பும் மறையவில்லை. 1999இல் மாடிசனின் ஆர்ன்ட், பிராங்கோஸ்கோப்பைச் சுற்றிக் கண்ணியிட்டு வழிகாட்டும் பிளாக்கர் ஒன்றைக் கொண்டுவந்தார். பின்னர் கரைனாவின் இரு பக்கமும் கால் ஊன்றும் ஆங்கில ஒய் வடிவப் பிளாக்கரும் வந்தது. வாய் திறக்க முடியாதவர்கள், தொண்டையில் துளையிட்டவர்கள், இரட்டைக்குழல் டியூப் நுழையாத சிறு குழந்தைகள் ஆகியோருக்கு இதுவே வழி. கால் தமனியில் ரத்தக்கட்டியை இழுத்தெடுக்க உருவான ஃபோகார்டி பலூனைக்கூட மயக்க மருத்துவர்கள் இதற்குக் கடன் வாங்கியிருக்கிறார்கள். தொண்டைக்கு இது மென்மையானது, குரல் கரகரப்பு குறைவு. ஆனால் வைக்க நேரம் பிடிக்கும், எளிதில் நகரும். பலூன் நழுவி மூச்சுக்குழலுக்குள் வந்துவிட்டால் இரண்டு பக்கமும் அடைபடும். அதன் மெல்லிய துளை சீழையோ ரத்தக்கட்டியையோ உறிஞ்சாது. எனவே இடம் கொடுக்க பிளாக்கர் போதும். காக்க வேண்டிய இடத்தில் இரட்டைக்குழல் டியூபைத்தான் நம்புவேன் என்று சொல்லும் மருத்துவர்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

1990களில் சிறுதுளைக் கேமரா அறுவை பரவியபோது இந்தத் துறையின் தேவை ஒரே தாவாக உயர்ந்தது. மார்பை அகலத் திறந்தால் அசையும் நுரையீரலைக் கையால் ஒதுக்கிப் பிடிக்கலாம். இரண்டு விரல் அகலத் துளையில் அது நடக்காது. நுரையீரல் முழுதாகச் சுருங்கினால்தான் கேமராவுக்கு எதுவும் தெரியும். அதற்காகச் சிறிது நேரம் முன்பே தூய ஆக்சிஜனைக் கொடுத்து நைட்ரஜனை வெளியேற்றுகிறார்கள். ஆக்சிஜனை ரத்தம் விரைவாக உறிஞ்சிக்கொள்ளும். நைட்ரஜன் தங்கிப்போய் நுரையீரலை உப்பியபடியே வைத்திருக்கும்.

முனையிலேயே கேமரா பொருத்திய டியூப்களும் இப்போது கிடைக்கின்றன. அறுவை முழுவதும் கரைனா திரையில் தெரிந்துகொண்டே இருக்கும். இன்னொரு பக்கம், டியூபே இல்லாமல் அறுப்பவர்களும் வந்துவிட்டார்கள். ரோமில் பொம்பேயோ குழுவினர் 2004இல், விழித்திருக்கும் நோயாளிகளிடம் நெஞ்சுச் சுவரை மட்டும் மரக்கச் செய்து நுரையீரல் கட்டிகளை எடுத்ததாக எழுதினார்கள். மார்புக்குள் காற்று புகுந்து நுரையீரல் தானே சுருங்குகிறது. சாவர்ப்ருக் அறை கட்டித் தடுக்க முயன்ற அதே நிகழ்வு இங்கே உதவியாளராகிறது. தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு இது பலன் தரலாம். ஆனால் நடுவில் ரத்தக்குழாய் கிழிந்தால், பக்கவாட்டில் படுத்து மூச்சுத்திணறும் ஒருவருக்கு அந்த நிமிடத்தில் டியூபும் பிளாக்கரும் போட்டாக வேண்டும். அப்படிப் போடத் தெரிந்தவர்கள் இருக்கும் மருத்துவமனைகளில் மட்டுமே இந்தப் புது முறையை அனுமதிக்கலாம்.